கோணாமலையின் பேடு கூவியது

கோணாமலையின் பேடு கூவியது ஒரு சனிக்கிழமை விடியற்காலையில். கூவியது என்று சொல்வதே அந்தச் சத்தத்துக்குக் கொடுக்கிற மரியாதைதான். கிணறு வற்றிய பிறகும் நிறுத்தாமல் விட்ட மோட்டர் இழுக்குமே, அப்படி ஓர் இழுவை, நடுவில் ஒரு விக்கல், பிறகு ஒன்றுமில்லை. பக்கத்து வளவுச் சேவல் வேலி தாண்டி வந்துவிட்டதாக நினைத்த கோணாமலை, விரட்டலாம் என்று சாறனை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். விறகுக் குவியலின் மேல் அவனுடைய செவலைப் பேட்டுக் கோழி நின்றது. கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, மறுபடியும் கூவியது.

"சீதேவி! இஞ்ச ஓடி வா! மகள் கூவுறாள்!"

சீதேவிப்பிள்ளை குசினியில் மில்லுக்குக் கொண்டுபோகச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"கூவினாக் கூவட்டும். அதெண்டாலும் விடியக்காலம எழும்பி ஒரு வேலை செய்யுதே," என்றாள்.

மகள் என்றது கோழியை. அவர்களுக்கு மகள் இல்லை. ஒரே மகன் லக்ஷன் கிரானில் கல்யாணம் கட்டி, ஊர் வழக்கப்படி பெண்சாதி வீட்டோடு போய்விட்டான். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை உடுபுடவையோடு இன்னொருத்தியின் வளவுக்குக் குடிபோகிறவன். கோணாமலையும் அப்படி வந்தவன்தான். ஆற்றங்கரைக்குச் சற்று உள்ளே, சீதேவிப்பிள்ளைக்கு அவளுடைய தாய் சீதனமாக எழுதிக் கொடுத்த இரண்டறை வீட்டுக்கு, முப்பது வருசத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தான். அதன் பிறகு அந்த வீட்டுக்கு அவன் சேர்த்தது ஒரு பிளாஸ்டிக் கதிரை. இடையில் கட்டாருக்குப் போய்ச் சில வருசம் நின்றான். அந்தக் காசு கல்லடியில் அவனுடைய அக்கா தங்கப்பிள்ளையின் மகளுக்கு வீடாக எழும்பியது. முதுகுவலி மட்டும் இந்த வீட்டுக்கு வந்தது.

முதுகுவலிக்காரன் நெல் மூட்டை தூக்க முடியாது, தோணி தள்ள முடியாது, வரம்பு கட்ட முடியாது. கோழி வளர்க்கலாம். கீரி தின்றதும் நாய் தின்றதும் போக மூன்று பேடும் ஒரு சேவலும் மிஞ்சின. சேவலை, அக்கா கல்லடியிலிருந்து வந்த அன்றைக்கு அறுக்கச் சொன்னான். அறுத்ததும் உரித்ததும் ஆக்கியதும் சீதேவிப்பிள்ளை. "நல்ல துண்டாப் போட்டுச் சாப்பிடு அக்கா," என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றது அவன்.

அதற்குப் பிறகுதான் செவலைப் பேட்டுக்கு நடை மாறியது. முட்டை இடுவது நின்றது. கொண்டை சிவந்து நிமிர்ந்தது. மற்ற இரண்டு பேட்டையும் துரத்தி மேலே ஏறி மிதித்தது. பருந்து வட்டமிட்டால் கொக்கரித்து அதுகளைக் கறிவேப்பிலை மரத்தடிக்கு ஓட்டிவிட்டு, தான் மட்டும் வெளியே நின்று கழுத்தைச் சாய்த்து மேலே பார்த்தது. இவையெல்லாவற்றையும் கோணாமலை கதிரையில் இருந்தபடி பார்த்துவைத்திருந்து, சீதேவிப்பிள்ளை வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சாத்துவதற்குள் ஒப்புவிப்பான். அவளுடைய குதிக்கால் வெடித்து விறாந்தைச் சீமெந்தில் இரத்தம் படிந்த நாளில் "பூனை எலியப் பிடிச்சிருக்குப் போல," என்றவன், கோழி எச்சத்தில் வெள்ளை எவ்வளவு பச்சை எவ்வளவு என்று பிசகாமல் சொல்லுவான்.

கூவின அன்று காலை தங்கப்பிள்ளைக்கு டெலிபோன் எடுத்தான். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

"அக்கா, மகள் கூவுது."

"எந்த மகள்டா?"

"கோழி, அக்கா. செவலை."

"பேடா? ஐயோ தம்பி, அது வீட்டு ஆம்பிளைக்கு ஆகாதுடா! எங்கட பெரியப்பாட வீட்ட கூவின கிழமைதானே மனிசன் ஆத்தில தோணி கவுண்டு போனவர். உடன கழுத்தத் திருகி ஆத்துக்க எறி. தின்னப்படாது, விக்கவும் படாது."

"நானா திருகிற?"

"வேற ஆர்? ஆம்பிளை இருக்கிற வீட்டில பொம்பிளையா திருகும்?"

பெரியப்பா அன்றைக்குத் தோணியில் ஏறும்போதே இரண்டு காலில் நிற்க முடியாத சாராய வெறியில் இருந்தவர் என்பது ஆற்றின் இந்தக் கரைக்கும் தெரியும், அந்தக் கரைக்கும் தெரியும். யுத்தத்தில் செல்லடித்துச் சனம் செத்த காலத்தில் எந்தப் பேடு கூவியது? சுனாமி வந்த காலையில் எந்தப் பேடு கூவியது? அன்றைக்கெல்லாம் கோழிகள் வாயை மூடிக்கொண்டு சனத்தோடு சேர்ந்து செத்தன. இதையெல்லாம் யாரும் தங்கப்பிள்ளையிடம் கேட்பதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பெரியப்பா வைத்திருப்பாள்.

கோணாமலை டெலிபோனை வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினான்.

"சீதேவி, இண்டைக்கு மில்லுக்குப் போகாத. எனக்கு நெஞ்சுக்க என்னமோ செய்யுது."

"கோழி கூவினா உங்களுக்கு நெஞ்சு நோகுமா? போய்த் திருகிப்போட்டு வந்து படுங்க."

"மகளையா?"

"அப்ப சாகுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளில் ஏறினாள்.

ஏறாவூரில் றவூப் ஹாஜியாரின் அரிசி மில்லில் அவளுக்கு வேலை. அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு பக்கம் சூடு மேலே இருந்து வரும், மறுபக்கம் கீழே இருந்து வரும். செருப்புப் போட்டால் நெல் நொறுங்கும் என்று ஹாஜியார் சொல்லுவார். அவர் செருப்போடு நிழலில் நின்றுதான் சொல்லுவார். பக்கத்தில் கிளறுகிற றம்லாவிடம் சீதேவிப்பிள்ளை கதையைச் சொன்னாள்.

றம்லா நடையை நிறுத்தாமல் சிரித்தாள். "எங்கட ஊட்ட கொண்டா. கூவினா என்ன, கொக்கரிச்சா என்ன, ஆணத்துக்க போனா எல்லாம் ஒண்டுதான்."

"அவர் அதுக்குச் சோறு ஊட்டுறார், நீ கறி காச்சப் போறாய்."

"அப்ப மாட்டு டொக்டருட்ட காட்டச் சொல்லு. ஒண்டில் அறுக்கணும், ஒண்டில் மருந்து குடுக்கணும். சும்மா அதுட மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா?"

"அவருக்கு அதுதானே வேலை."

சிரித்தாலும், நெல்லைக் கிளறிய அந்தப் பகல் முழுவதும் சீதேவிப்பிள்ளைக்கு யோசனை ஓடியது. பயம் அவளுக்கும் அறவே இல்லாமலில்லை. அவளுடைய தாயாக இருந்தால் கூவின கோழியைச் சூரியன் ஏறும் முன்னமே தீர்த்திருப்பாள். சரி, இந்த மனிசன் செத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். கதிரை வெறுமையாகும். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வராதது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்போது மறுபக்கம் யோசனை திரும்பியது. நான் செத்தால் இவர் என்ன செய்வார்? அழுவாரா, இல்லை, சோறு ஆக்குகிறது யார் என்று கேட்பாரா? முப்பது வருசம் ஆக்கிப் போட்டவளுக்கு அது தெரியாது. தெரியாமல் போய்ச் சேருகிறதுதான் பெரிய ஏமாற்று என்று பட்டது. ஆனால் அது கேட்டுத் தெரிந்துகொள்கிற விசயமில்லை. வாயால் கேட்டால் "என்ன புள்ள விசர்க் கதை," என்றுதான் எந்த ஆம்பிளையும் சொல்லுவான்.

டொக்டர் யோசனையைக் கோணாமலை பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை பேட்டைப் பிஸ்கற் பெட்டிக்குள் வைத்து, ஓட்டை போட்டு, ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனான். அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். கோழியின் கொண்டையைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள், பெட்டிக்குள் கிடந்த எச்சத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடுதா?"

"என்னவிட நல்லாச் சாப்பிடுது."

"முட்டை?"

"நிண்டு போச்சு டொக்டர்."

"சேவல் நிக்குதா வளவில?"

"அறுத்திட்டம்."

"அப்ப இவதான் இப்ப சேவல். சேவல் இல்லாட்டி ஒரு கோழி பெரியாளாகிறது உண்டு. முட்டைப் பை பழுதாப் போனாலும் இப்பிடிக் கொண்டை வளரும், கூவும். வயிறு வீங்கல்ல, எச்சம் நல்லாயிருக்கு. தீன் எடுக்காம, வாலத் தொங்கப் போட்டு ஒதுங்கி நிண்டா உடன கொண்டு வாங்க. இப்ப ஒண்டும் தேவையில்ல. முட்டையை மட்டும் எதிர்பார்க்காதீங்க."

"ஊசி?"

"என்னத்துக்கு ஊசி?"

"குளிசையாவது?"

"இல்ல ஐயா."

"இது... வீட்டு ஆம்பிளைக்கு..."

"என்ன?"

"ஒண்டுமில்ல டொக்டர்."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊசி போடாத டொக்டரை அந்தப் பக்கத்தில் யாரும் டொக்டர் என்று எடுப்பதில்லை. மனிசனுக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான். போய்வந்தவன் உடம்பில் ஓர் ஓட்டையாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று சொல்லப் படித்தவளிடமா இவ்வளவு தூரம் போனேன் என்று கோணாமலை அன்று பின்னேரம் முழுவதும் முணுமுணுத்தான். "சின்னப் பிள்ளை அது. ஒண்டும் தெரியாது. குளிசைகூடக் குடுக்கல்ல."

"கோழிக்கு நோயில்ல எண்டா என்னத்துக்குக் குளிசை?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"நோயில்லாததுதான் பயம். நோயெண்டா மருந்து இருக்கு."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கோணாமலை சாவிலிருந்து தன்னைக் காத்துக்கொண்ட விதம் பார்க்கத் தகுந்தது. கிணற்றடிக்குப் போகமாட்டான், தவறி விழுந்துவிடுவானாம். வாளியில் தண்ணீர் அள்ளி விறாந்தைக்குக் கொண்டுவர வேண்டும், அள்ளுகிறவள் அவள். தென்னைக்குக் கீழே நடக்கமாட்டான். கதிரையை ஓட்டுக்கூரை விலக்கி ஒரு நாள் அங்கும், மின்சாரக் கம்பி விலக்கி இன்னொரு நாள் இங்குமாக இழுத்தான். முதுகு அதற்கு விட்டது. சோறு இறங்கவில்லை. மீன்முள் தொண்டையில் சிக்கிச் செத்த ஒருவனை எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான்.

பேட்டை அவன் மடியில் தூக்கவில்லை. மகள் என்றும் கூப்பிடவில்லை. "அது," என்றான். "அதத் திருகு சீதேவி. உனக்குக் கை பழக்கம்."

"மகள் எண்டு வளத்தது நீங்க. நான் ஏன் திருகிற?"

"எனக்கு மனசு வராது."

"சாகப் பயம், கொல்லவும் பயம். நீங்க என்னத்துக்குத்தான் ஏலும்?"

அடுத்த நாள் விடிய முதல் சத்தம் வரவில்லை. சீதேவிப்பிள்ளை கூட்டைத் திறந்தபோது பேடு மூலையில் நின்று தலையை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் அலகை நைலோன் நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. மூச்சு மூக்கால் முட்டி முட்டி வந்தது. அவளுக்கு அந்தக் கோழியில் எந்தப் பாசமும் இல்லை. அவள் வாங்கி வைத்த கூனிக் கருவாட்டை அதுதான் அரைவாசி தின்றது. என்றாலும் கத்தியை எடுத்து நூலை அறுத்தாள். பேடு நன்றியாக ஒன்றும் பார்க்கவில்லை. அவள் கையைக் கொத்திவிட்டு இறங்கிப் போய் விறகின் மேல் ஏறிக் கூவியது.

"வாயக் கட்டினாச் சா நிண்டிருமா?" என்று அவள் விறாந்தையைப் பார்த்துக் கேட்டாள்.

"கூவாட்டி அது கணக்கில்லத்தானே," என்றான் கோணாமலை போர்வைக்குள் இருந்து.

வெள்ளிக்கிழமை மில் பூட்டு. அன்றைக்கு உதயரூபனைக் கூட்டிவந்தான். உதயரூபன் ஓட்டோ ஓடுகிறவன். ஓட்டம் இல்லாத நேரத்தில் மந்திரம். வயது முப்பதுக்குள். வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் பெரிய போன். வெற்றிலையைப் பரப்பிவிட்டு வளவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். கதிரையில் ஒரு மனிசன். கிணற்றடிக் கொடியில் நெற்தூசு படிந்த பழைய சேட். சோற்றுப்பை கொழுவின சைக்கிள். குசினி வாசலில் வெடித்த காலோடு நிற்கிற பொம்பிளை. இந்த வீட்டில் காசு எந்தக் கையில் இருக்கும் என்று கண்டுபிடிக்க மந்திரம் தேவையில்லை.

"ஆருக்கு எண்டு நினைக்கிறீங்க அண்ணன்?"

"ஆம்பிளைக்கெண்டு அக்கா சொன்னா தம்பி. நான் இப்ப ஒரு கிழமையா ஒழுங்காச் சாப்பிடல்ல."

உதயரூபன் கண்ணை மூடினான். போன் அடித்தது. கண்ணை மூடியபடியே அதை நிறுத்தினான்.

"அது சும்மா பொம்பிளையள்ட கதை அண்ணன். சேவல் செய்ற வேலைய பேடு செய்தா, அது ஆம்பிளைக்கு இல்ல. வளவுக்கு உடையவங்களுக்கு. வீடு ஆர்ட பேரில நிக்குதோ, அவங்களுக்கு."

கோணாமலையின் கை நெஞ்சிலிருந்து மெல்ல இறங்கியது.

"வீட்டுப் பேரெண்டா... காணி உறுதியில உள்ள பேரா?"

"உறுதியில உள்ள பேர்தான்."

"அது அவள்ட பேர்!" என்றான் கோணாமலை. முகத்தில் இரத்தம் ஏறியது. "சீதனமா வந்த வீடு தம்பி. எனக்கு இதில ஒண்டும் இல்ல. ஒரு கல்லுக்கூட என்டயில்ல. அவள்ட தாய் அவளுக்கு எழுதினது. வேணுமெண்டா உறுதிய எடுத்துக் காட்டட்டா?"

காட்டவேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் எழும்பியும் விட்டான். முப்பது வருசம் கோயில் கூட்டத்திலும் கலியாண வீட்டிலும் "என்ட வீட்ட," "என்ட வளவில" என்று சொல்லித் திரிந்தவன். லக்ஷன் கிரானுக்குப் போகும்போது, "நான் கட்டிக் காத்த வீடு," என்று சபையில் அழுதவன்.

"அப்ப உங்களுக்குப் பயமில்ல அண்ணன். அக்காவுக்குத்தான் ஒரு கழிப்புக் கழிக்கணும். மூண்டு வெள்ளிக்கிழமை. சாமானெல்லாம் நான் கொண்டாறன். பிந்தப்படாது, உயிர் விசயம்."

"அது ஆறுதலாச் செய்வம் தம்பி," என்றான் கோணாமலை. "இந்தப் போகம் முடியட்டுமே. அவள் திடகாத்திரமான ஆள். ஒண்டும் நடக்காது." பிறகு குசினிப் பக்கம் திரும்பினான். "சீதேவி, சோறு இருக்கா? நல்லாப் பசிக்குது."

அதோடு விட்டிருக்கலாம். விறாந்தைப் படியில் ஏறிய பேட்டைப் பிடித்து மடியில் வைத்து, இறகைத் தடவி, "மகள், பயந்திட்டியா மகள்? ஒண்டும் இல்ல, அப்பா இருக்கிறன்," என்றும் சொன்னான்.

சீதேவிப்பிள்ளை பிளேன்டித் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்று நினைத்த விசயம் கேட்காமலே வந்துவிட்டது. சா அவனுக்கென்றால் கோழியை அந்த நிமிசமே கொல்ல வேண்டும். சா அவளுக்கென்றால் நெல் அறுத்து முடியட்டும்.

உதயரூபனுக்குப் பிளேன்டியைக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்களாவது யோசியுங்க. உங்கட உயிர்."

"என்ட உயிர நான் இவ்வளவு நாளும் வெயில்ல கிடந்து காஞ்சு பாத்துக்கிட்டன் தம்பி. நீ சூடு ஆற முதல் குடிச்சிட்டு ஓட்டம் பாக்கப் போ. பள்ளியில தொழுகை முடிஞ்சு சனம் வார நேரம்."

அவன் போனபிறகு கோணாமலைக்குச் சோறு போட்டாள். மீன்குழம்பு விட்டாள். தலையை உறிஞ்சினான். முள்ளைப் பற்றி அவனுக்கு இப்போது எந்தக் கவலையும் இல்லை. மறுசோறு கேட்டான். போட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது பானையோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் கை கழுவி ஏப்பம் விடும் மட்டும் பொறுத்து, அலுமாரிக்கு மேலே கிடந்த கட்டார்ப் பெட்டியை இறக்கி, தூசு தட்டாமல், அவனுடைய சாறன்களையும் சேட்டுகளையும் போட்டுப் பூட்டி விறாந்தையில் கொண்டுவந்து வைத்தாள்.

"எங்க போறாய்?" என்றான்.

"நான் இல்ல. நீங்க. அக்காட வீட்ட."

"என்ன பகிடி புள்ள?"

"இந்த வீட்டில உங்களுக்கு ஒண்டும் இல்ல, ஒரு கல்லும் இல்ல எண்டு இப்பதானே சொன்னீங்க? அந்தப் பொடியனும் சாட்சி."

"நான் அந்தக் கருத்தில சொல்லல்ல."

"எந்தக் கருத்தில சொன்னீங்க?"

அவன் பெட்டியைக் காலால் உள்பக்கம் தள்ளினான்.

"பெண்சாதிக்குச் சா வருகுதெண்டு கேட்டுப் பசியெடுத்த மனிசன நான் இண்டைக்குத்தான் கண்டன்," என்றாள். "பானையும் காலி. பஸ் வரப்போகுது."

"சனம் என்ன கதைக்கும் சீதேவி?"

"உங்களப் பத்திக் கதைக்கச் சனத்துக்கு என்ன இருக்கு? போங்க."

அவன் படியில் நின்ற பேட்டைத் தூக்கி மடியில் இறுக்கிப் பிடித்தான். "அப்ப மகள்?"

"அது இஞ்ச நிக்கட்டும். வளவுக்கு ஒரு சேவல் வேணும்."

கோணாமலை பஸ் ஏறினான். வழி முழுவதும் அவன் கண்ட ஆறுதல், தங்கப்பிள்ளை வீடு நல்ல காற்றோட்டமான வீடு என்பது. தன் காசு. தரையில் மாபிள். பின்னேரம் கல்லடியில் இறங்கி, பாலம் பார்த்த ஒழுங்கைக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போய், அக்காவின் இரும்புக் கேற்றைத் தட்டினான். தங்கப்பிள்ளை வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். கேற்றைத் திறக்கவில்லை.

"கோழிய என்ன செய்தாய்?"

"அது அங்க நிக்குது அக்கா. பயமில்ல, பூசாரி வந்து பாத்தவர். ஆம்பிளைக்கு இல்லையாம். வீடு ஆர்ட பேரில இருக்கோ அவங்களுக்குத்தானாம்."

"அதத்தான்டா நானும் யோசிக்கிறன். இந்த வீடு என்ட மகள் கம்சாயினிட பேரில. அவளுக்கு இப்ப ஏழு மாசம்." தங்கப்பிள்ளை குரலை இறக்கினாள். "கூவின வளவால நேர வந்து நிக்கிறாய். அதுட தீட்டும் உன்னோட வந்திருக்கும். குறை நினைக்காத தம்பி. உள்ள எடுக்கேலா."

"இந்த வீட்டுக் கூரை நான் போட்டது அக்கா."

"ஆர் இல்லையெண்டது? நீ போடல்லையெண்டு நான் ஒருக்காலும் சொல்லல்லையே. கொஞ்சம் நில்லு, பிளேன்டி கொண்டாறன்."

கேற்றுக் கம்பிக்கு நடுவால் பிளேன்டி வந்தது. குடித்தான். தன் வாயால் சொன்ன சட்டம் ஒரு பஸ் தூரம் அவனோடு கூட வந்து அக்கா வீட்டு வாசலிலும் நின்றது என்பது அவனுக்கு விளங்கியதா என்று சொல்ல முடியாது. சீனி போதாது என்பது விளங்கியது. கேட்டு வாங்கினான்.

திரும்பி வந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. சீதேவிப்பிள்ளை கிணற்றடிக் கல்லில் இருந்து கால் வெடிப்புக்குள் ஏறிய மண்ணைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வளவு வாசல் படலை கொண்டி போட்டிருந்தது. கோணாமலை வெளியே நின்றான். உள்ளே செவலைப் பேடு மற்ற இரண்டையும் கூட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"மகள்," என்று கூப்பிட்டான். அது தலையைத் திருப்பவில்லை. அதற்கு வேலை இருந்தது.

"சீதேவி."

அவள் மற்றக் காலை எடுத்தாள்.

"உள்ள வரட்டா?"

அந்த வீட்டுக்குள் வருவதற்கு அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றி முடித்துத்தான் பேசினாள்.

"மில்லில நெல்லுக் காயப்போட ஆள் காணாதாம். ஆம்பிளை எண்டாலும் பரவாயில்லையெண்டு ஹாஜியார் சொன்னவர்."

"என்ட முதுகு..."

அவள் பொச்சை மறுபடி எடுத்தாள். ஆற்றுப் பக்கமிருந்து நுளம்பு வந்தது. கோணாமலை ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்தான். போக வேறு வாசல் இருக்கிறதா என்று அவன் யோசித்திருக்க வேண்டும். கிரானில் மகன் இருப்பது மருமகளின் வீடு. உலகத்தில் இருக்கிற வீடெல்லாம் யாரோ ஒரு பொம்பிளையின் பேரில் இருந்தது.

"எத்தின மணிக்குப் போகணும்?"

"ஆறரைக்கு."

அவன் பெட்டியை மறுகைக்கு மாற்றினான். பிறகு உண்மையான கவலையோடு கேட்டான்: "வெயில் ஏற முதல் முடிஞ்சிருமா?"

சீதேவிப்பிள்ளை பொச்சைக் கீழே போட்டாள். சிரிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நெல்லுக் காயப்போடுற வேலை வெயிலுக்கு முதல் எப்பிடி மனிசா முடியும்?"

சிரித்தபடியே எழும்பி, ஈரக் காலோடு வீட்டுக்குள் போனாள். படலையைத் திறக்க வரவில்லை. கோணாமலை பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, படலைக்கு மேலால் கையை விட்டுக் கொண்டியைத் தடவித் தேடினான். அவன் விறாந்தைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு பாய் விரித்துக் கிடந்தது. கதவு உள்ளால் பூட்டியிருந்தது.